புரூக்ளினில் ஒரு பூட்ஸ் பெட்டி

நியூயார்க் நகரத்துக்குப் போகிறவர்கள் சுதந்திர தேவியின் சிலையைப் பார்ப்பார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்று, கீழே எறும்புகள் போல ஊரும் மோட்டார்களைக் கண்டு, "அடேயப்பா!" என்பார்கள். நானும் அதையெல்லாம் செய்தேன். ஆனால் நேயர்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு இடத்தைப் பற்றி. அந்த இடம் இப்போது இல்லை!

"இல்லாத இடத்தை எப்படி ஐயா பார்த்தீர்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் ஏறி, புரூக்ளின் பகுதியில் பிராஸ்பெக்ட் பார்க் ஸ்டேஷனில் என்னோடு இறங்குங்கள். சில நிமிஷம் நடந்தால் பெட்ஃபோர்ட் அவென்யூ வரும். அங்கே இருபது மாடிக்கு மேல் உயர்ந்த, செங்கல் நிறக் குடியிருப்புகள் நிற்கின்றன. மாடியில் துணி உலர்த்துகிறார்கள். வாசலில் குழந்தைகள் ஓடுகிறார்கள். எந்தப் பெரிய பட்டணத்திலும் காணக்கூடிய காட்சிதான்.

என்னை அழைத்துச் சென்ற பெரியவர் சுவரில் பதித்திருந்த ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். முன்பு எபட்ஸ் மைதானம் இருந்த இடம் இது என்று அதில் பொறித்திருந்தது. "இப்போது நாம் நிற்பது மைதானத்துக்குள்ளே. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது" என்றார் அவர்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பெரியவருக்கு எண்பது வயதாகிறது. புரூக்ளினிலேயே பிறந்தவர். பேஸ்பால் என்றால் அவருக்குப் பைத்தியம். பேஸ்பாலை நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் எறிவான், ஒருவன் உருண்டைக் கட்டையால் அடிப்பான். அடித்தவன் மூன்று முனைகளைத் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். வீட்டை விட்டுக் கிளம்பி வீட்டுக்கே திரும்புவதுதான் ஆட்டம்!

புரூக்ளின் அணிக்கு டாட்ஜர்ஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் இந்தத் தெருக்களில் டிராம் வண்டிகள் தாறுமாறாக ஓடின. குறுக்கே போகிறவர்கள் அவற்றுக்கு டிமிக்கி கொடுத்துத் தப்பித்து ஓடவேண்டும். ஆகவே ஊராருக்கே 'டிராமுக்குத் தப்புகிறவர்கள்' என்று பரிகாசப் பெயர் வந்தது. அதுவே அணிக்கும் ஒட்டிக்கொண்டது.

1913-ல் திறந்த எபட்ஸ் மைதானத்தில் சுமார் 32,000 பேர்தான் உட்காரலாம். நெருக்கியடித்துக் கொண்டு உட்கார்ந்தால், ஆட்டக்காரனின் முணுமுணுப்புக்கூடக் காதில் விழுமாம். ஹில்டா செஸ்டர் என்ற ஓர் அம்மாள் மாட்டுக் கழுத்து மணியைக் கொண்டுவந்து கணகணவென்று ஆட்டி, எதிர் அணியின் பிராணனை வாங்குவாள். வேலியில் ஏப் ஸ்டார்க் என்ற ஜவுளிக் கடைக்காரரின் விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் பந்தை அடிப்பவனுக்கு ஒரு சூட் இனாம்! அந்தக் கடைக்காரர் பிற்பாடு புரூக்ளின் பகுதிக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1947 ஏப்ரல் 15-ஆம் தேதி இந்த மைதானத்தில்தான் ஜாக்கி ராபின்சன் இறங்கினார். வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஆடிவந்த பெரிய லீகுகளில், இருபதாம் நூற்றாண்டில் அடியெடுத்து வைத்த முதல் கறுப்பு ஆட்டக்காரர் அவர். வசைகளையும் மிரட்டல்களையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டு ஆடினார். இன்று ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில், எல்லா அணிகளிலும் எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42-ஆம் எண்ணைத்தான் சட்டையில் அணிகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் டாட்ஜர்ஸுக்கு ஒரு பெருங்குறை. உலகக் கோப்பைக்குச் சமமான கடைசிப் பந்தயத்தில் 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து முறையும், அதே நகரத்தைச் சேர்ந்த யாங்கீஸ் அணியிடம் தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும், "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டு ரசிகர்கள் வீடு திரும்புவார்கள். அந்த அடுத்த வருஷம் 1955 அக்டோபர் 4-ஆம் தேதி வந்தது. ஏழாவது ஆட்டத்தில் 2-0 என்று யாங்கீஸை முறியடித்தார்கள். புரூக்ளினில் அன்று தீபாவளிதான்.

"அன்றைக்கு எனக்குப் பத்து வயது. அண்ணனுக்குப் பதினான்கு. இரண்டு பேரும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே தெருத்தெருவாக ஓடினோம்" என்றார் பெரியவர்.

அந்த அண்ணனும் தம்பியும் கூட்டாக ஒரு சொத்து வைத்திருந்தார்கள். அது ஒரு பூட்ஸ் பெட்டி. அதற்குள்ளே ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள்.

இந்த அட்டைகளின் கதையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். ஆதியில் சிகரெட் கம்பெனிகள், பெட்டி நசுங்காமல் இருப்பதற்காகவும் வாடிக்கையைப் பெருக்குவதற்காகவும் உள்ளே படம் போட்ட அட்டையைச் செருகின. பிறகு மிட்டாய்க் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. அப்புறம் சூயிங்கம் கம்பெனிகள். இதே புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் கம்பெனி, 1952-ல் 407 அட்டைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. முன்பக்கம் வர்ணப் படம். பின்பக்கம் ஆட்டக் கணக்கு. அந்த வரிசையின் வடிவத்தை ஸை பெர்கர் என்பவர் தம் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து உருவாக்கினாராம்.

அண்ணனும் தம்பியும் காலி சோடா புட்டிகளைப் பொறுக்கிக் கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். புட்டிக்கு இரண்டு சென்ட். அந்தக் காசு அப்படியே அட்டைப் பொட்டலமாக மாறும். சூயிங்கம் வாய்க்குள்ளே, அட்டை பெட்டிக்குள்ளே.

1952 வரிசையில் 311-ஆம் அட்டை யாங்கீஸ் அணியின் மிக்கி மாண்டில். அடுத்த 312 ஜாக்கி ராபின்சன். அந்த வரிசையின் கடைசிப் பகுதி காலம் கடந்து கடைக்கு வந்ததால் விலை போகாமல் தேங்கிவிட்டது. மிஞ்சியதையெல்லாம் 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டியதாக பெர்கரே சொல்லியிருக்கிறார். அப்படித் தப்பிய மாண்டில் அட்டைகளில் ஒன்று, 2022-ல் ஏலத்துக்கு வந்தபோது என்ன விலை போயிற்று தெரியுமா? ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலர்!

"எங்களிடம் இரண்டு மாண்டில் இருந்தன. யாங்கீஸ்காரன் நம் பெட்டியில் எதற்கு என்று, இரண்டையும் கொடுத்து ஒரு கில் ஹாட்ஜஸ் வாங்கினான் அண்ணன்" என்றார் பெரியவர்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் மட்டும், "நியாயமான வியாபாரம். ஹாட்ஜஸ் நம்மவன்!" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் என்னை மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். எகிப்தியக் கல்லறைகளையும் இத்தாலிய ஓவியங்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், அமெரிக்கப் பகுதிக்கு நேராக நடந்தார். அங்கே கண்ணாடிக்குள் பேஸ்பால் அட்டைகள்! வெளிச்சம் பட்டால் வர்ணம் மங்கும் என்பதால் அவ்வப்போது மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

இவற்றைத் தானமாகக் கொடுத்தவர் கோடீசுவரர் அல்ல. ஜெபர்சன் பர்டிக் என்று பெயர். சிரக்யூஸ் நகரத்து மின்சாரச் சாமான் தொழிற்சாலை ஒன்றில் சிறு உறுப்புகளைப் பூட்டிய தொழிலாளி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீல்வாதம் கைகளையும் முதுகையும் முடக்கிக்கொண்டே வந்தது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான அச்சுப் படங்களைச் சேர்த்திருந்தார். அவற்றில் முப்பதாயிரத்துக்கு மேல் பேஸ்பால் அட்டைகள். 1947 முதல் அவற்றைக் கலைக்கூடத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். கடைசிக் காலத்தில் நியூயார்க்குக்கே குடிவந்து, வளைந்துபோன விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச் மாதத்தில் காலமானார்.

அவர் வகுத்த வரிசைக் குறிகளைத்தான் உலகம் இன்றும் கையாளுகிறது. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'டி' என்ற எழுத்து. 1909-லிருந்து 1911 வரை வந்த ஒரு வரிசைக்கு 'டி 206' என்று எண் கொடுத்தார். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டைதான் சேகரிப்போரின் கோஹினூர் வைரம். தம் படம் வரக்கூடாது என்று வாக்னர் தடுத்துவிட்டதால் சொற்பமே அச்சாயின. குழந்தைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று தடுத்தார் என்பது ஒரு கட்சி. பணம் தரவில்லை என்று தடுத்தார் என்பது எதிர்க்கட்சி. இன்றைக்குச் சுமார் அறுபதுதான் இருப்பதாகச் சொல்கிறார்கள். பர்டிக்கிடம் அதுவும் ஒன்று இருந்தது. விற்கவில்லை, ஒட்டிவிட்டார்!

கலைக்கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்தோம். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். அதற்குள் ஓர் அட்டை. 1955-ஆம் வருஷத்து ஜாக்கி ராபின்சன். நடுவில் குறுக்கே ஒரு மடிப்பு. முனைகள் நைந்து போயிருந்தன.

"பொட்டலத்தில் இது எனக்குத்தான் கிடைத்தது. அண்ணன் இதைத் துணி மாட்டும் கிளிப்பில் பிடித்துச் சைக்கிள் சக்கரத்தில் சொருகிவிட்டான். ஓட்டினால் மோட்டார் சைக்கிள் மாதிரி படபடவென்று சத்தம் வரும். மடிந்துவிட்டது. அன்று அவன் கையைக் கடித்துவிட்டேன்."

1957-ஆம் வருஷம் செப்டம்பர் 24-ஆம் தேதி எபட்ஸ் மைதானத்தில் கடைசி ஆட்டம் நடந்தது. அணியின் சொந்தக்காரர் டாட்ஜர்ஸை மூட்டை கட்டி, சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். 1960-ல் மைதானத்தை இடிக்க வந்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்கு வெள்ளையடித்து, சிவப்புத் தையல் வரைந்து, பேஸ்பால் பந்து போலவே அலங்கரித்திருந்தார்களாம்!

சில வருஷங்கள் கழித்து அண்ணனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் உத்தியோகம் கிடைத்தது. போனவன் அங்கேயும் டாட்ஜர்ஸ் கட்சியாகவே இருந்துவிட்டான். தம்பிக்கு அது துரோகமாகப் பட்டது. அவர் 1962-ல் பிறந்த நியூயார்க் மெட்ஸ் அணிக்கு மாறியிருந்தார். கடிதங்களில் முதலில் பேஸ்பால் நின்றது; பிறகு கடிதங்களே நின்றன. இதற்கிடையில் வீடு மாற்றியபோது தாயார் பூட்ஸ் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"1988-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் கோப்பையை ஜெயித்தார்கள். அன்று ராத்திரி டெலிபோன் மணி அடித்தது. அண்ணன்தான். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி மனைவியிடம் கை காட்டினேன்."

சற்று நேரம் அவர் பேசவில்லை.

"மறுபடி அவன் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அண்ணி இந்த உறையை அனுப்பினாள். அவன் பர்ஸில் இருந்ததாம். ஊரை விட்டுப் போகும்போது பெட்டியிலிருந்து திருடிக்கொண்டு போயிருக்கிறான்! திருடாமல் இருந்திருந்தால் இதுவும் குப்பைக்குப் போயிருக்கும்."

இந்த நாளில் அட்டைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. முனை மழுங்கினாலே மதிப்பெண் போயிற்று. மடிப்பு விழுந்தால் கேட்கவே வேண்டாம். "இந்த மடிப்பு மட்டும் இல்லாவிட்டால்!" என்று ஒரு வியாபாரி இவரிடம் வருத்தப்பட்டானாம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"மடிப்பு என் அண்ணன் போட்டது, இருக்கட்டும் என்றேன்" என்று சொல்லி, அட்டையை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

நேயர்களே, அன்று மாலை அறைக்குத் திரும்பிய எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. சிறு வயதில் நானும் என் அண்ணாவும் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். தெருவில் கிடக்கும் பெட்டிகளைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்துப் பழைய நோட்டில் ஒட்டுவோம். ஒரு போகியன்று அம்மா அந்த நோட்டைப் பழைய பாயோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டாள். அதற்கு முந்தின வாரமே என்னுடைய சிவப்புக் குதிரைப் படம் காணாமல் போயிருந்தது. அதற்காக அண்ணாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

ஊரில் அப்போது விடியற்காலை. டெலிபோன் செய்தேன்.

"என்னடா இந்நேரத்தில்? பணம் வேண்டுமா?" என்றான் அண்ணா, தூக்கக் கலக்கத்தோடு.

"பணம் வேண்டாம். அந்தச் சிவப்புக் குதிரையை எடுத்தது நீதானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது இன்னும் என் பூகோளப் புத்தகத்துக்குள்ளேதான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்" என்றான்.