நான் போகப் போகும் தீவு

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

பயணக் கட்டுரை எழுதுவோர் போய் வந்த பிறகு எழுதுவதுதான் வழக்கம். நான் போவதற்கு முன்பே எழுதுகிறேன். போய் வந்தவர்களுக்குக் கண்ணால் கண்ட பெருமை உண்டு. திட்டம் போடுகிறவனுக்கோ நிலப்படமும் புத்தகமும் ஒரு நோட்டும் பென்சிலுமே துணை. ஆயினும் ஓர் ஊரைப் பார்ப்பதற்கு முன் அதைப் பற்றி நினைத்துப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. ஒரு கடமையும் இருக்கிறது. அவ்விரண்டையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் தேர்ந்தெடுத்த இடம் நார்போக் தீவு. தென் பசிபிக் கடலில், ஆஸ்திரேலியக் கரையிலிருந்து கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் சிறு நிலம். ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதிகளுள் ஒன்று. பரப்பு சுமார் 35 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 2021 குடிக்கணக்கின்படி மக்கள் 2,188 பேர். நம் கல்லூரியின் காலை வகுப்பு, மாலை வகுப்பு மாணவர்களையெல்லாம் ஒன்றாக நிறுத்தினால் அத்தீவையே மிஞ்சிவிடுவோம்!

எத்தனையோ ஊர்கள் இருக்க இது ஏன் என்று கேட்பீர்கள். நாற்றுப்பண்ணைகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் ஊசியிலை மரம், அதன் தாய்வீடு எது என்று தேடப் போய்த்தான் இத்தீவின் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. நம் ஊரில் விற்பது அந்த நார்போக் பைன் மரமாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்கும். தொட்டியில் அடங்கி நிற்கும் இம்மரம் அங்கே விண்ணை முட்ட வளர்கிறதாம். அத்தீவின் கொடியிலேயே அந்த மரம்தான் நடுவில் நிற்கிறது.

முதலில் வழியைக் குறித்துக்கொண்டேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர். அங்கிருந்து சிட்னி அல்லது பிரிஸ்பேன். அதன்பின் சிறிய விமானப் பயணம். ஆஸ்திரேலியா செல்வதற்கான விசாவே இத்தீவுக்கும் போதும். கப்பலில் போகலாமே என்று எண்ணினேன். ஆனால் பெரிய கப்பல் வந்து அணையும் துறைமுகம் அங்கே இல்லை. சரக்குக் கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கையெல்லாம் படகுகளில் இறக்கி, கிங்ஸ்டன், கேஸ்கேட் என்னும் இரண்டு துறைகளில் கடல் எங்கே அமைதியாக இருக்கிறதோ அங்கே கொண்டு சேர்ப்பார்கள். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் மசூலாப் படகுகள் செய்த வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் பொங்கினால் கப்பல் காத்து நிற்க வேண்டியதுதான்; கடையில் அலமாரியும் காலியாக வேண்டியதுதான்.

அடுத்தது, எந்த மாதம் போவது? அங்கே கோடையில்கூட வெப்பம் 30 பாகையை எட்டுவதில்லை. ஆகவே வெயிலுக்கு அஞ்ச வேண்டாம். நான் வரலாற்று மாணவன். வரலாற்றைக் கேட்டே மாதத்தை முடிவு செய்தேன்.

1774 அக்டோபர் 10ஆம் நாள் கேப்டன் குக் இத்தீவில் இறங்கினார். நார்போக் கோமாட்டியின் நினைவாகப் பெயரிட்டார். அந்த அம்மையார் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார் என்ற செய்தி நடுக்கடலில் இருந்த குக்குக்குத் தெரியாது. பாலினீசிய மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த தடயங்கள் உண்டு. குக் வந்தபோது எவரும் இல்லை. நெடிதுயர்ந்த மரங்களைக் கண்டவர் கப்பலுக்குப் பாய்மரம் ஆகும் என்று மகிழ்ந்தார். 1788 மார்ச் 6 அன்று, சிட்னியில் குடியேற்றம் தொடங்கிய சில வாரங்களிலேயே, கைதிகளோடு இங்கேயும் ஆட்கள் வந்து இறங்கினர். ஆனால் அந்த மரம் பாய்மரத்துக்கு உதவவில்லை. 1814இல் தீவைக் கைவிட்டார்கள்.

1825இல் மீண்டும் வந்தார்கள். இம்முறை, மற்றச் சிறைகளில் அடங்காத கைதிகளை அனுப்பும் கொடுஞ்சிறையாக ஆக்கினார்கள். அந்த இருட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. 1840 முதல் 1844 வரை அங்கே தலைவராக இருந்த அலெக்சாண்டர் மக்கோனக்கி, கைதியும் மனிதனே என்று நம்பினார். உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் மதிப்பெண் கொடுத்து, அதனாலேயே விடுதலையை ஈட்டிக்கொள்ளும் முறையை அங்கே நடத்திப் பார்த்தார். அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவருடைய கருத்தோ பிற்காலச் சிறைச் சீர்திருத்தத்தில் நிலைத்தது. 1855இல் அந்தச் சிறையும் மூடப்பட்டது.

வெறிச்சோடிய அந்தக் கட்டடங்களுக்கு 1856 ஜூன் 8ஆம் நாள் 194 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கைதிகள் அல்லர். 1789இல் ‘பௌண்டி’ என்னும் கப்பலில் கேப்டன் பிளைக்கு எதிராகக் கலகம் செய்த மாலுமிகளுக்கும் தாஹிதித் தீவுப் பெண்களுக்கும் பிறந்த பரம்பரையினர். அவர்கள் வாழ்ந்த பிட்கெய்ர்ன் தீவு பெருகிவந்த மக்களுக்குப் போதாமல் போகவே, ஊரோடு புறப்பட்டு ஐந்து வாரக் கடற்பயணம் செய்து வந்தார்கள். பிறந்த மண்ணை மறக்க முடியாத சில குடும்பங்கள் பின்னர் அங்கேயே திரும்பிப் போனதும் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் 8 அன்று தீவு மக்கள் பழங்கால உடை அணிந்து கிங்ஸ்டன் துறையில் கூடி, முன்னோர் வந்திறங்கிய காட்சியை நடத்திக் காட்டுகிறார்கள். அங்கிருந்து கல்லறைக்கு நடந்து சென்று அஞ்சலி செய்கிறார்கள். என் பயணம் ஜூன் முதல் வாரம் என்று முடிவாயிற்று.

இவ்வளவும் எழுதி முடித்த நோட்டை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். எங்கள் கிராமம் முதுகுளத்தூர்ப் பக்கம். என் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊருணிக்கு நடந்து நடந்து குடம் சுமந்தே காலம் கழித்தவர். படத்தைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சுத்தியும் உப்புத் தண்ணியா இருக்கேப்பா, குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்ணுவாக?” என்று கேட்டார்.

குக்கைப் பற்றியும் கைதிகளைப் பற்றியும் நான் படித்த பக்கங்களில் அந்தக் கேள்வி இல்லை. அன்றிரவே நோட்டில் புதுப்பக்கம் புரட்டி, ‘அவர்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள்?’ என்று தலைப்பிட்டேன்.

தண்ணீருக்கு அவர்கள் வானத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். கூரையில் விழும் மழையை வீட்டுக்கு வீடு தொட்டியில் சேர்க்கிறார்கள். கிணறும் ஆழ்துளையும் துணை. நல்ல ஆண்டில் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை உண்டு. மழை பொய்த்தால்? 2019இல் பொய்த்தது. 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய இராணுவம் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை அங்கே கொண்டுவந்து இறக்க வேண்டியதாயிற்று. அதே 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தீவுக்கு எந்த ரயில் போகும்? விருந்தாளி திறக்கும் குழாய், வீட்டுக்காரர் சேர்த்து வைத்த தொட்டியிலிருந்து வருகிறது. ‘குளியல் ஒரு வாளி’ என்று எழுதிக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரனுக்கு அது புதுப்பழக்கமும் அல்ல.

சிறிய இடத்தில் ஒன்று குறைந்தால் அதை ஈடுசெய்ய இருப்பு கிடையாது. அத்தீவுக்கே உரிய ஆந்தையினத்தில் 1986இல் ஒரே ஒரு பெண் பறவை மிஞ்சியிருந்தது. நியூசிலாந்திலிருந்து உறவினமான இரண்டு ஆண் ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டு, அந்த வழியில்தான் இன்றுள்ள ஆந்தைகளைப் பெற்றார்கள். வெளியிலிருந்து பூச்சியும் நோயும் வந்துவிடக் கூடாது என்று புதுப்பழங்கள் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆகவே அம்மா கட்டித் தரும் கொய்யாப்பழம் பட்டியலிலிருந்து நீங்கியது. அதனால் குறையொன்றும் இல்லை. துருவிய வாழைக்காயில் அவர்கள் விதவிதமான பண்டம் செய்கிறார்களாம்!

ஆந்தையைப் போலவே அங்கே ஒரு மொழியும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலமும் தாஹிதி மொழியும் கலந்த பேச்சு அது, பெயர் ‘நார்ஃபுக்’. அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ அதையும் சேர்த்திருக்கிறது. நலம் கேட்பதற்கு ‘வாட்டவே’ என்பார்கள். அந்தச் சொல்லை மனப்பாடம் செய்திருக்கிறேன். தொலைபேசிப் புத்தகத்தில் பட்டப்பெயரோடு ஆட்களைக் குறிக்கும் ஊர் அது. சாலையில் மாட்டுக்கு வண்டி வழிவிட வேண்டும்; எதிரே வரும் வண்டிக்காரருக்குக் கையசைக்க வேண்டும். இவை யாவும் நம் கிராமத்து வழக்கங்கள்தாமே?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1979இல் அத்தீவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. சொந்தச் சட்டமன்றம் இருந்தது. தனி அஞ்சல் தலைகூட இருந்தது. தீவின் முக்கிய வருவாய் சுற்றுலா. 2008க்குப் பின் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது வருவோர் குறைந்தனர், கருவூலம் வற்றியது. 2015இல் ஆஸ்திரேலிய அரசு சட்டமன்றத்தைக் கலைத்தது. 2016 ஜூலை முதல் வருமான வரி வந்தது. அதோடு மருத்துவ உதவியும் உதவித்தொகைகளும் வந்தன. இது நல்லதே என்று சொன்னவர்களும் உண்டு. எங்கள் வீட்டை நாங்களே ஆள வேண்டும் என்று கூடாரமடித்து எதிர்த்தவர்களும், ஐக்கிய நாடுகள் அவைக்கு மனு அனுப்பியவர்களும் உண்டு. மாற்றாக வந்த வட்டார மன்றமும் 2021இல் நிறுத்தி வைக்கப்பட்டு, நிர்வாகி ஒருவர் கையில் பொறுப்பு போயிற்று. பயணிகள் வருவது குறைந்ததில் ஒரு மக்களின் ஆட்சியுரிமையே ஆட்டம் கண்டது! பயணி என்பவன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற ஆள் மட்டும் என்று எண்ணியிருந்தோமே. ஒரு சிறு தீவில் அவன் வந்தாலும் கணக்கு, வராவிட்டாலும் கணக்கு.

விடுதி நண்பன் ஒருவன் இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “கையிலே பஸ் பாஸ், கனவிலே விமானமா மாப்ளே?” என்று சிரித்தான். அவன் சிரிப்பில் நியாயம் உண்டு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மாதம் இருநூறு ரூபாய் போடுகிறேன். அந்த வேகத்தில் போனால் அப்பத்தா வயதில்தான் விமானம் ஏறுவேன். தேர்வாணையத் தேர்வு எழுதி வேலை கிடைத்து, தங்கையின் படிப்பு முடிந்த பிறகுதான் எனக்கென்று மிச்சம் பிடிக்க முடியும். அதற்கு ஏழாண்டு ஆகலாம், பத்தாண்டும் ஆகலாம். அதுவரை நோட்டில் பக்கங்கள் கூடிக்கொண்டிருக்கும்.

நண்பர்களே! ஒருநாள் அத்தீவிலிருந்து ஒரு மாணவன் எங்கள் இராமநாதபுரம் சீமைக்கு வரத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். இராமேசுவரத்துப் பிரகாரத்தையும் பாம்பன் பாலத்தையும் அவன் கட்டாயம் எழுதிக்கொள்வான், எழுதிக்கொள்ளட்டும். அவற்றோடு, “அங்கே கண்மாய் நிறைந்திருக்கிறதா? என்ன விளைந்தது?” என்றும் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தால் எங்கள் அப்பத்தா அவனை விருந்தாளியாக அல்ல, வீட்டுப் பிள்ளையாகவே உட்கார வைத்துச் சோறு போடுவார். அந்தத் தீவில் நானும் அப்படியொரு திண்ணையில் உட்கார விரும்புகிறேன். நீங்களும் ஆளுக்கோர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அதற்கென ஒரு நோட்டு வாங்குங்கள். முதற்பக்கத்தில் அப்பத்தாவின் கேள்வியை எழுதுங்கள்.