நீர்மூழ்கி சென்ற பின்னர்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஃபீனிக்ஸ் பேயில் உள்ள நம் இல்லத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து, 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' என்னும் ஆங்கிலப் படத்தைக் கண்டோம். 1961இல் வெளிவந்த படம். பகைவர் வசப்பட்ட தீவு ஒன்றில் சிறு படையொன்று மறைவாகக் கரையேறி, குன்றின் குகையில் நின்ற பெரும் பீரங்கிகளைத் தகர்க்கிறது. பிள்ளைகள் கைதட்டினர். இளைய மகன் மட்டும், "அப்பா, வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்?" என்று வினவினான்.

நவரோன் கற்பனைத் தீவு. ஆயினும் அவ்வினாவுக்கு விடை நாம் வாழும் இம்மண்ணில் உண்டு.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். 1943 சனவரியில் 'ஓ 24' என்னும் டச்சு நீர்மூழ்கி, ஒரு சிறு குழுவை நடு அந்தமானின் மேற்குக் கரையில் இறக்கிவிட்டது. தலைவர் மேஜர் டெனிஸ் மெக்கார்த்தி. போருக்கு முன் இங்கே காவல்துறை அதிகாரியாய் இருந்தவர். உடன் வந்தோர் இந்திய வீரர். 'பால்ட்ஹெட்' என்று பெயரிடப்பட்ட அம்முயற்சியின் நோக்கம் எதையும் தகர்ப்பதன்று. பகைவரின் நிலையை உளவறிதலே. காட்டில் மறைந்து திரிந்து செய்தி திரட்டி, மார்ச் மாதத்தில் கடல்வழியே மீண்டனர். திரைப்படமாயின் அங்கே 'முற்றும்' என்று எழுதியிருப்பர்.

கரையில் இருந்தோர்க்குக் கதை முற்றவில்லை. ஒற்றரைத் தேடிய ஜப்பானியரின் ஐயம் ஊர்மக்கள்மேல் விழுந்தது. பலர் செல்லுலார் சிறையில் வதைபட்டனர். இந்திய சுதந்திர லீக்கின் தலைவராய் விளங்கிய மருத்துவர் திவான் சிங், 1944 சனவரி 14 அன்று அங்கேயே உயிர்நீத்தார். சனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றைய போர்ட் பிளேரில் நேதாஜி மூவண்ணக் கொடி ஏற்றி, அன்றோடு ஒரு திங்களே ஆகியிருந்தது. வந்து சென்ற ஒற்றர் வேறு. ஒற்றர் என்று மாண்டவர் வேறு.

வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் தெளிக என்றும் நெறி கூறினார். வதையால் பெற்ற வாக்குமூலத்தை நம்பிய ஆட்சிக்கு அந்நெறி எட்டவில்லை.

பிறரைக் குறை கூறும் நாம் நம் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஹம்ஃப்ரேகஞ்ச் என்னும் பெயரை இருபது ஆண்டுகளாக அலுவலகக் கோப்புகளில் எழுதி வந்துள்ளோம். அவ்வூருக்கு ஒருமுறையும் சென்றதில்லை. நம் தந்தையார் கப்பலேறி வந்தது போர் முடிந்து நெடுநாள் கழித்தே. ஆதலின் அது பிறர் துயர் என்று எண்ணியிருந்தோம் போலும்.

அடுத்த ஞாயிறன்று மகனோடு பேருந்தேறி அங்குள்ள நினைவிடத்திற்குச் சென்றோம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றான். திரும்புகையில், "அந்த 44 பேருக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்களா அப்பா?" என்றான். "இருந்திருப்பார்கள்" என்றோம். ஃபீனிக்ஸ் பே வந்து சேரும்வரை இருவரும் வேறொன்றும் பேசவில்லை.