நிறத்தைக் கேட்காமல் சொன்ன பதில்

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் என் கைக்கு வருபவை பெரும்பாலும் முருங்கையில் பிஞ்சு உதிர்வது, மல்லிகையில் மொட்டுப்புழு, தென்னையில் வெள்ளை ஈ என்றுதான் இருக்கும். இந்த முறை வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், ‘சந்தைக்குப் போய்வர பழைய டீசல் கார் வைத்திருக்கிறேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் புகை தள்ளுகிறது. இன்ஜின் வேலை பார்க்க வேண்டும் என்கிறார்கள், உண்மையா?’ என்று கேட்டிருக்கிறார்.

நான் படித்தது வேளாண்மை. மெக்கானிக் வேலை தெரியாது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் டீசல் காரிலும் இதே தொல்லை. திண்டுக்கல்லில் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சிறுமலை ஏற்றத்தில் மிதித்தால் வண்டி இழுக்காது, பின்னால் வருகிற பைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜெக்டர் போய்விட்டது என்று மாற்றினார்கள். 18,000 ரூபாய். ஒரே வாரம், மறுபடியும் கரும்புகை.

பிறகு பேகம்பூர் பக்கம் டிராக்டர் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. “புகை என்ன கலரு சார்? எப்ப வருது? ஆயில் குறையுதா?” என்று மூன்று கேள்வி கேட்டார். கறுப்பு, ஏற்றத்தில் மட்டும், ஆயில் குறையவில்லை என்றேன். அதன்பிறகுதான் குனிந்து, டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், மிதித்தால் காற்றழுத்தத்தில் பிளந்துகொள்ளும். டீசல் முழுசாக உள்ளே போகிறது, காற்று பாதி வெளியே போகிறது. எரியாத மிச்சம்தான் கரும்புகை. ஹோஸும் கிளாம்பும் சேர்த்து 1,400 ரூபாயில் முடிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறு வருஷம் ஆத்தூர் பக்கத்து மல்லிகை விவசாயி ஒருவர் போன் செய்தார். எனக்குப் பல வருஷப் பழக்கம். “சார், வண்டி மிதிச்சா புகையா வருது. ரிங் போயிருச்சுன்னு சொல்றாங்க. எழுபதாயிரம் ஆகுமாம். வீட்ல இருக்கிற நகையை வைக்கலாமான்னு பார்க்கிறேன்” என்றார். நான் அனுபவஸ்தன் ஆயிற்றே! “அவசரப்படாதீங்க, ஹோஸும் ஏர் ஃபில்டரும் பாருங்க, அதுவாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டையும் மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். அவர் வண்டியில் வந்தது நீலப்புகை. ஆயிலை இன்ஜினே குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலை நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வழியில் ஆயில் வற்றி இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிராங்க் வரை போய்விட்டது. எழுபதாயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒன்றே கால் லட்சத்தில் நின்றது. அன்றைய பூவும் வண்டியிலேயே வாடியது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இலையைக் கொண்டு வராமல் மருந்து கேட்காதீர்கள் என்று முப்பது வருஷமாக விவசாயிகளிடம் சொல்லி வருகிறேன். அன்றைக்கு இலையைப் பார்க்காமல் மருந்து சொன்னவன் நான்.

ஆகவே வேடசந்தூர்க்காரருக்கு: முதலில் நிறம். ஒருவரை வண்டியில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, நீங்கள் பின்னால் தள்ளி நின்று, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்.

கறுப்பு என்றால் காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம். காசு குறைவானதிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் வெளியே தெரிய வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்று அடித்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில். நம் செம்மண் சாலைகளில் கம்பெனி சொல்லும் கணக்குக்கு முன்னாலேயே அடைத்துவிடும். (டிராக்டர் வைத்திருப்பவர்கள், ஆயில் கிண்ண ஃபில்டர் என்றால் ரோட்டவேட்டர் ஓட்டும் நாட்களில் தினமும் பாருங்கள். கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் அதையும் இன்ஜின் உறிஞ்சும்.) அடுத்தது ஹோஸ். மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இன்ஜெக்டர் அதற்குப் பிறகுதான். அதுவும் நமக்குத் தெரிந்த சங்கதியே. தெளிப்பான் நாசில் தேய்ந்தால் பனி மாதிரி வராமல் சொட்டுச் சொட்டாக விழுமே, அப்படித்தான் டீசலும் விழும். சொட்டு முழுசாக எரியாது. புதிது வாங்கும் முன் டீசல் பம்ப் கடையில் கழற்றிக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலே புகை வரும், வடித்துவிட்டால் போதும். குறைந்துகொண்டே போனால், ரிங்கா, வால்வு சீலா, டர்போ சீலா என்று தெரிய வேண்டும். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். அதுவரை ஓட்டியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஆயில் அளவு பார்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளை, மார்கழிக் காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. சூடான பிறகும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம், வண்டியை நிறுத்திவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. டீசல் வண்டிக்குப் புகைப் பரிசோதனையே நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துத்தான் செய்வார்கள். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, ஸ்டேஜ் 4 வண்டிக்கு 50 அலகு வரை அனுமதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸையும் 3 மாதம் முடக்கலாம். எனக்கு அந்தச் சீட்டு வேறு வகையில் உதவுகிறது. பட்டறைக்குப் போகும் முன் ஒரு சீட்டு, வேலை முடிந்த பின் ஒரு சீட்டு எடுத்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எண் இறங்காவிட்டால் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம்.

வேடசந்தூர் நண்பர் கடிதத்தில் நிறத்தை எழுதவில்லை. பார்த்துவிட்டு, ஆயில் அளவையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.