மூர் மார்க்கெட்டில் ஒரு சாம்பல் நிற வரிசை

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இன்று புறநகர் ரயில் பிடிக்க ஓடுகிறோமே, அங்கேதான் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, பொம்மை, கிளி என்று எல்லாம் கிடைத்த சந்தை. 1985 மே மாதம் தீயில் போனது. என் அப்பாவின் பழைய புத்தகக் கடையும் அதோடு போனது.

அந்த மார்க்கெட்டைத்தான் என் மகன் இப்போது லேப்டாப்பில் முப்பரிமாணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறான். கட்டடக்கலை படிக்கிறான், கல்லூரி ப்ராஜெக்ட்.

நிற்கிற கட்டடம் என்றால் வேலை சுலபமாம். சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்துக் கொடுத்தால், ஒரே மூலை பல படங்களில் விழுவதை வைத்து சாஃப்ட்வேரே வடிவத்தைக் கணக்கிட்டுவிடும். இல்லாத கட்டடத்துக்கு அது முடியாது. பழைய போட்டோவில் தெரியும் சுவர்க்கோடுகளை நீட்டிப் பார்த்து, கேமரா எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால், அதை வைத்து மற்றதை அளக்கலாம்.

ஜெர்மனியில் நாஜிகள் அழித்த யூத வழிபாட்டுத் தலங்களை, டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவர்கள் 1995 முதல் கம்ப்யூட்டரில் மீட்டு வருகிறார்கள். வரைபடம், போட்டோவோடு, அந்த இடங்களை நேரில் பார்த்தவர்களின் நினைவும் அவர்களுக்கு உதவியது.

எங்கள் வீட்டிலும் நினைவைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மார்க்கெட்டின் முகப்புக்குப் படங்கள் கிடைத்தன. உள்ளே இருந்த கடைகளுக்கு இல்லை.

“வாசல்ல நுழைஞ்சதும் இடது பக்கம் நம்ம கடைடா. எதிர்ல ரிக்கார்டு கடை” என்றார் அப்பா. பக்கத்துக் கடைக்காரராக இருந்தவருக்குப் போன் போட்டால், அவர் வலது பக்கம் என்கிறார். இருவருமே சத்தியம் செய்யாத குறை.

மகன் யார் பக்கமும் சாயவில்லை. சான்று இருக்கும் இடத்துக்குச் செங்கல் நிறம், ஊகத்துக்குச் சாம்பல் நிறம் என்று வைத்திருக்கிறான். தாத்தாவின் கடை வரிசை முழுக்கச் சாம்பல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எண்பது வயசுல ஆசையா கேக்கறார். அவர் சொன்ன இடத்துல ஒரு கடையை வெச்சா என்னடா குறைஞ்சுடும்?”

“நாளைக்குப் பாக்கறவங்க அதை உண்மைன்னு நம்பிடுவாங்கம்மா.”

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அவன் சொல்றது சரி. சாம்பலாவே இருக்கட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா இடது பக்கம்தான்” என்றார்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் மூர் மார்க்கெட்டில் எடுத்த படம் இருந்தால், முகங்களை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் தெரியும் தூணும் பெயர்ப்பலகையும்தான் இப்போது தேவை. எந்த வருடம், எந்த இடம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அப்படியே, உங்கள் ஊரின் பழைய பள்ளிக்கூடத்தையோ ஓட்டு வீட்டையோ, அது நிற்கும்போதே நாலு பக்கமும் சுற்றி வந்து போனில் எடுத்து வையுங்கள். மறக்காமல் உள்ளேயும் போய் எடுங்கள்.