கதவு வைத்த கடல்

நெதர்லாந்தின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் நான் இறங்கி நின்ற இடம் கடல்மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே. முன்பு அங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. நீராவி எஞ்சின் வைத்து இறைத்து 1852இல் அதை வற்றடித்துவிட்டார்கள். ஏரியைக் காயவைத்து அதில் விமானம் இறக்குகிற இந்த டச்சுக்காரர்கள்தான் 1613இல் எங்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் என்று நினைத்தபோது குளிரோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது.

நான் வளர்ந்தது மீஞ்சூரில். அம்மா பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். மீஞ்சூர்க்காரன் தண்ணீரைப் பற்றிப் படிக்கப் போவதற்குத் தனியாகக் காரணம் வேண்டியதில்லை. சென்னையின் தாகத்துக்காக வருடக்கணக்கில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், கடல் மண்ணுக்கடியில் உள்ளே ஏறி வந்து கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போன வட்டாரம் அது. பிறகு 2010இல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். அதுவும் சென்னைக்குத்தான்.

நான் படிக்கச் சேர்ந்த டெல்ஃப்ட் நகரத்து ஐஎச்இ, 1957 முதல் நம்மைப் போன்ற நாடுகளின் பொறியாளர்களுக்குத் தண்ணீரைப் பாடமாக நடத்துகிற நிறுவனம். மாணவர் விடுதிக்குப் பதிலாக எனக்கு ஒரு குடும்பத்தின் மாடி அறை அமைந்தது. வீட்டுக்கார அம்மா எழுபதைத் தாண்டியவர். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் ஆயா வயதுக்காரரைப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. இருமியும் கதவைத் தட்டியும் கடைசிவரை பெயரே சொல்லாமல் சமாளித்தேன்.

அந்த வீட்டின் சட்டதிட்டங்கள் வேறு. ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. காலையில் ரொட்டிமேல் வெண்ணெய் தடவிச் சாக்லேட் துருவல் தூவிக்கொள்வார்கள், பெரியவர்கள் உட்பட. கழிவறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். உறவுக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் அதில் குறித்திருக்கும். ஜன்னலுக்குத் திரை போட மாட்டார்கள், தெருவில் போகிறவர் நம் தட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஹெரிங் மீனை லேசாக உப்பிலிட்டு, அடுப்பே காட்டாமல், நறுக்கிய வெங்காயத்தில் புரட்டி வாலைப் பிடித்துத் தொண்டைக்குள் இறக்குவார்கள். மீனவக் குடும்பத்துப் பேரன் நான் அதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினேன். என்னைக் காப்பாற்றியது அலமாரியில் இருந்த சம்பால் புட்டி. இந்தோனேசியாவை ஆண்ட மிச்சம்.

பழவேற்காடு என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஒருநாள் இரவு, எங்கள் ஊர் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைச் செல்பேசியில் காட்டினேன். நுழைவாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய கல், உள்ளே பலகை பலகையாக எழுத்து. சின்ன வயதில் அந்தப் பலகைகள்மேல் ஏறி விளையாடியிருக்கிறேன், ஒரு எழுத்தும் தெரியாமல். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய எழுத்துக்கூட்டலில் திணறித் திணறி வாசித்தார். பெயர், பதவி, செத்த தேதி. சமையலறை மேசையில் அந்த மனிதர்கள் திடீரென்று யாரோ ஆகிவிட்டார்கள். துணி ஏற்றிய அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள் என்று நான் சொன்னேன். தன் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தரவில்லை என்றார்.

அவர் சேலாந்து மாகாணத்துக்காரர். 1953 பிப்ரவரி 1, விடிவதற்கு முன்னால் வட கடல் கரைகளை உடைத்துக்கொண்டு வந்தபோது அவருக்கு ஆறு வயது. நாடு முழுவதும் 1,836 பேர் இறந்தார்கள். அவர் குடும்பம் பரணில் ஏறிப் பிழைத்தது. 2004 டிசம்பரில் ஆயா வீட்டு வாசல்வரை வந்த சுனாமித் தண்ணீரைப் பற்றி நான் சொன்னேன். அன்றிலிருந்து என்னை வாடகைக்காரனாக நடத்துவதை விட்டுவிட்டார். விடுமுறைக்குத் தன் தம்பி ஊரான யெர்செக்கேவுக்குக் கூட்டிப்போனார். சிப்பி வளர்ப்பவர்களின் ஊர் அது.

போகும் வழியில் ஓஸ்டர்ஸ்கெல்டெ கடல்வாய்த் தடுப்பைப் பார்த்தோம். ஒன்பது கிலோமீட்டர் நீளம், நடுவே தூண்களுக்கிடையில் 62 எஃகுக் கதவுகள். முதலில் போட்ட திட்டம் வேறு. 1953 வெள்ளத்துக்குப் பிறகு கடல்வாயை ஒரேயடியாக மண்ணணை போட்டு அடைப்பதாக இருந்தார்கள். வடக்கே 1932இல் 32 கிலோமீட்டர் அணை கட்டி ஒரு கடலையே நன்னீர் ஏரியாக மாற்றிய பழக்கம். அங்கே மீனவர் பிழைப்பு போனது போனதுதான். சேலாந்துச் சிப்பிக்காரர்கள் அதைப் பார்த்தவர்கள். உப்புத் தண்ணீர் நின்றால் தாங்களும் இல்லை என்று சூழலியல்காரர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். அரசு 1970களில் திட்டத்தை மாற்றியது. 1986இல் திறந்த தடுப்பில் கதவுகள் எப்போதும் தூக்கியே இருக்கும். நீர்மட்டம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டரை எட்டும் என்று தெரிந்தால் மட்டும் இறக்குவார்கள். செலவு பலமடங்கு. தூணருகே நின்றால் காலடியில் ஓதம் இரைந்துகொண்டு உள்ளே போகிறது. எனக்கு வாயடைத்துப் போயிற்று. பாடப்புத்தகத்தில் இதைக் கட்டுமான சாதனை என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தபோது மீனவர்கள் போட்ட சண்டைதான் தெரிந்தது.

எங்கள் பழவேற்காட்டு முகத்துவாரம் தானாகவே அடைபடும். மணல் மேடிட்டால் படகு கடலுக்குப் போகாது, இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று குப்பத்து ஆட்கள் எத்தனையோ வருடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கடலைத் தள்ளி வைக்கத் தெரிந்த நாட்டிலும் கடலை உள்ளே விடச் சொல்லி ஒரு கூட்டம் நின்றிருக்கிறது என்பதைத்தான் அன்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவின் தம்பிக்கு எங்கள் ஊர்ப் பாடு முறையை விளக்கினேன். ஏரியில் நல்ல இடம் யாருக்கும் சொந்தமில்லை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பது முறை வைத்து, சீட்டுப் போட்டு ஊர் தீர்மானிப்பது. வகுப்பில் அரைமணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாததை அவர் அரைநிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அவருடைய சிப்பித் திடலும் அரசிடம் குத்தகைக்கு எடுத்ததுதான். “சீட்டுல மோசமான இடம் வந்தா சண்டை வராதா?” என்றார். “வரும். ஆனா அடுத்த முறை நல்ல இடம் வரும்ல,” என்றேன்.

அவருக்கும் குறை உண்டு. கதவு திறந்திருந்தாலும் தூண்கள் மறிப்பதால் ஓதம் பழைய வேகத்தில் வருவதில்லை. மணல்திட்டுகள் கரைந்து தாழ்கின்றன. நீர்ப்பறவைகளுக்கு இரை தேட இடம் குறைகிறது. கப்பலில் மணல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“எங்க ஊர்ல மணல் அதிகமாகித்தான் வாய் அடையுது,” என்றேன்.

“அப்ப விலை பேசலாம்,” என்றார், கத்தியால் ஒரு சிப்பியைத் திறந்துகொண்டே. அக்கா அவரை முறைத்தார். தம்பி சிப்பியை என் பக்கம் நீட்டினார். அதுவும் பச்சைதான்.