உயிரியும் உயிரும்

மாலை நடைக்குத் தனியே சென்றுவந்த முதியவர் ஒருவருக்கு இப்பொழுது துணை கிடைத்திருக்கிறது. பேரனை வீட்டைவிட்டு வெளியே அழைத்து வந்தது அவர்தம் அறிவுரையன்று. ‘போக்கிமோன் கோ’ என்னும் கைப்பேசி விளையாட்டே. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அறிமுகமான அவ்விளையாட்டில் கற்பனை உயிரிகளைத் தேடி நடத்தல் வேண்டும்.

பாலனாய்ப் பூச்சி பிடித்துத் திரிந்த ஜப்பானியர் சத்தோஷி தஜிரியின் நினைவில் முளைத்தவை அவ்வுயிரிகள். அதனைக் கேட்ட முதியவருக்கு, ரப்பர்த் தோட்டத்தில் சிலந்தி பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்த தம் இளமை நினைவுக்கு வந்தது. பேரன் ஆசானானான், பாட்டனார் மாணவரானார்.

“தாத்தா, வண்ண வளையம் சுருங்கும்வரை பொறுத்திருந்து பந்தை எறியுங்கள். வளையம் சிவப்பாயின் பிடிப்பது கடினம், முதலில் பழத்தைக் கொடுங்கள்” என்றான். முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என நடை தேவை. ஊர்தியில் விரைந்தால் அத்தொலைவு கணக்கில் சேராது என்றும் விளக்கினான்.

அவ்வேளை அரிய உயிரி ஒன்று தோன்றவே, திரையில் கண்பதித்தவன் சாலையில் காலெடுத்து வைத்தான். பாட்டனாரின் கை அவன் தோளை இறுகப் பற்றியது. மோட்டார் சைக்கிள் ஒன்று சீறிக் கடந்தது.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், செயலி மூடியிருக்கையிலும் நடையைக் கணக்கிடும் ‘அட்வெஞ்சர் சிங்க்’ வசதியை இயக்கிய பேரன், கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டான். நின்று பிடிப்பது, பார்த்து நடப்பது என்பது அன்றுமுதல் அவர்தம் விதியாயிற்று.

தப்பிய உயிரி மீண்டும் வரும். போன உயிர் வருமோ?