மழை எங்கே?

நாட்றம்பள்ளி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடை. பழைய கணினியின் முன் கல்லூரிப் பெண். பக்கத்து ஸ்டூலில் அப்பா. மடியில் கோடு போட்ட நோட்டு. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி, தேதி போட்டு எழுதி வைத்த எண்கள்.

தோல் மண்டலத்தில் இந்த எண்ணுக்கு விளக்கம் வேண்டாம். பதப்படுத்த வரும் பச்சைத்தோலில் உப்பு. ஊறப்போட்டுக் கழுவினால் அது தண்ணீரோடு போகும். பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். குடிநீரில் கரைந்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிலை.

அவள் எக்செல் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் க்னூபிளாட், எண்களை வரைபடமாக்கும் மென்பொருள். 1986இல் தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் தொடங்கியது. எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும். ஒரு வரி தட்டினாள். தேதியில் நாளை மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே கோடு பின்னிக்கொண்டது, சிக்கெடுக்காத நூல்கண்டு மாதிரி. உதட்டைக் கடித்தாள். 'செட் எக்ஸ்டேட்டா டைம்'. அடுத்த வரியில் நாள், மாதம், ஆண்டு என்று வரிசை சொன்னாள். கோடு நிமிர்ந்து இடமிருந்து வலமாக நடந்தது.

அப்பா திரைக்குக் குனிந்தார். "இங்க ஏன் அறுந்திருக்கு?"

"அங்க வெத்து வரி விட்டிருக்கேன்ப்பா."

"ஆமா, மீட்டர் பேட்டரி போச்சி அப்ப." ஒரு சரிவில் விரல் வைத்தார். "இது ஐப்பசி மழ."

கோட்டைக் கலைத்துவிட்டு, எண்களை நூறு நூறாகப் பிரித்துக் கட்டம் கட்டினாள். இரண்டு மேடு. ஐந்நூறு ஐந்நூறாக மாற்றினாள். இரண்டும் சேர்ந்து ஒரே குன்றாகிவிட்டது. எண் ஒன்றுகூட மாறவில்லை. இந்த அகலத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று எந்த அறிக்கையைப் பார்த்தாலும் இனி கேட்கத் தோன்றும். அவள் நூறுக்கே திரும்பினாள்.

"இதுல மழ எங்கம்மா?"

"இதுல தேதி கெடையாதுப்பா. எவ்ளோ உப்பு, எத்தன வாட்டி வந்துச்சி, அவ்ளோதான்."

அவர் முகம் சுருங்கியது. திங்கட்கிழமை திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸ் மனுவோடு வைக்கத்தான் இதெல்லாம்.

"கலரா, பிளாக்கா?" கடைக்காரர்.

"பிளாக்குண்ணா. ரெண்டும்."

"தேதி இருக்கறத மேல வைம்மா," என்றார் அப்பா, சட்டைப் பையைத் தடவிக்கொண்டே.